மெல்பர்னில் மூன்று மாதம்: சிட்னி, அடிலெய்டு, உலுரு எப்படிப் போய்வருவது?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். நானும் மனைவியும் திருச்சியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் மெல்பர்னுக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சுற்றுலா விசா, நவம்பர் கடைசியில் திரும்புகிறோம். எனக்கு 61, மனைவிக்கு 57. மகளுக்கும் மருமகனுக்கும் வார நாட்களில் வேலை, அதனால் பெரும்பாலும் நாங்கள் இருவர் மட்டும்தான் போக வேண்டும். பார்க்க நினைப்பவை: கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலை, சிட்னி, அடிலெய்டு, நாட்டின் நடுவில் இருக்கும் உலுரு என்ற பெரும் பாறை, முடிந்தால் கெய்ர்ன்ஸ் பவளப்பாறை.

என் மனதில் இருந்த திட்டம், வாடகைக் கார் எடுத்து மெல்பர்ன், அடிலெய்டு, உலுரு, சிட்னி, மெல்பர்ன் என்று 12 நாளில் ஒரு வட்டம் அடிப்பது. தமிழ்நாட்டு லைசென்ஸ் இருக்கிறது, 30 வருட ஓட்டுப் பழக்கம். மருமகன் "வேண்டாம் மாமா" என்கிறார், காரணம் விளக்க அவருக்கு நேரமில்லை. ரயிலில் போகலாமா, விமானமா, காரா? எது எங்கே சரிப்படும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊருக்குள் பேருந்து, ரயிலுக்கு என்ன அட்டை வாங்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

---

தண்டவாளம் பதில்:

வணக்கம் ஐயா. மருமகன் சொன்னது சரி. நீங்கள் போட்ட வட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். மெல்பர்ன்-அடிலெய்டு 730 கி.மீ. அடிலெய்டிலிருந்து உலுரு ஏறக்குறைய 1,600 கி.மீ. உலுருவிலிருந்து சிட்னி 2,800 கி.மீ. அளவில். சிட்னி-மெல்பர்ன் 880 கி.மீ. மொத்தம் ஆறாயிரம். 12 நாளில் ஆறாயிரம் என்றால் தினம் 500 கி.மீ., ஒரு நாள்கூட எங்கும் நின்று பார்க்காமல். அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்ட வேண்டிய நாடு இது (அதன் காரணத்தைக் கார் தெரிந்தவர்கள் எழுதுவார்கள்). நம் ஊரில் 500 கி.மீ. ஓட்டினால் வழியில் இருபது ஊர் வரும். இங்கே அடிலெய்டுக்கு வடக்கே உள்ள போர்ட் அகஸ்டாவைத் தாண்டி வடக்கே போனால் அடுத்த பெட்ரோல் பங்க்தான் அடுத்த ஊர்.

பெருநகரங்களுக்கு இடையே விமானம், ஒவ்வொரு நகரிலும் இறங்கிய பிறகு ரயிலும் பேருந்தும், பேருந்து போகாத இடத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் கார். உங்களுக்குப் பொருந்துவது இதுதான்.

அதைவிட முக்கியம், எந்த வரிசையில் போகிறீர்கள் என்பது. இங்கே வசந்தம் தொடங்கி வெயில் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே வெப்பமான இடத்தை முதலில் முடித்துவிடுங்கள். செப்டம்பரில் உலுரு. அக்டோபர் பாதியில் கெய்ர்ன்ஸ், ஏனென்றால் நவம்பரிலிருந்து அந்தக் கடலில் கொட்டும் ஜெல்லிமீன் காலம், கூடவே மழைக்காலமும் நெருங்கும். சிட்னியும் அடிலெய்டும் நவம்பருக்கு நன்றாக இருக்கும். செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் பள்ளி விடுமுறை, அறை வாடகையும் விமானக் கட்டணமும் எகிறும். அந்த நாட்களை மெல்பர்னைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரயில். மெல்பர்னிலிருந்து சிட்னிக்குத் தினம் இரண்டு வண்டி, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சதர்ன் கிராஸ் நிலையத்தில் ஏறினால் சிட்னி சென்ட்ரலில் இறங்கலாம், 11 மணி நேரம் பிடிக்கும். விமானத்தில் ஒன்றரை மணிக்கும் குறைவு. ரயில் ஆசை இருந்தால் ஒரு வழியை மட்டும் பகல் வண்டியில் போங்கள், வயல்வெளியும் சிற்றூர்களும் பார்க்கலாம். இரவு வண்டியில் படுக்கை மிகக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்கார்ந்தே 11 மணி நேரம் என்றால் மறுநாள் உடம்பு கேட்காது. நம் ஊர் ஸ்லீப்பர் வகுப்பை நினைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்து ஏமாறாதீர்கள்.

அடிலெய்டுக்கு ஓவர்லேண்ட் என்ற வண்டி வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பத்து மணி நேரத்துக்கு மேல். அது சேரும் முனையம் ஊர் நடுவில் இல்லை, கெஸ்விக் பக்கம், அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும். 'கான்', 'இந்தியன் பசிபிக்' என்ற பெயர்கள் கண்ணில் படும். முன்னது அடிலெய்டு-டார்வின் 2,979 கி.மீ., பின்னது சிட்னி-பெர்த் 4,352 கி.மீ. இரண்டுமே சாப்பாடு, அறை, சுற்றுலா சேர்த்து விற்கும் சொகுசு வண்டிகள். மலிவான இருக்கை வகுப்பை 2016லேயே நிறுத்திவிட்டார்கள். 'ஊர் போய்ச் சேரும் வண்டி' என்று அவற்றை எண்ண வேண்டாம்.

விமானம் பதிவு செய்யும்போது மூன்று விஷயம். ஒன்று, மெல்பர்னுக்கு டல்லமரைன், அவலான் என்று இரண்டு நிலையம். அவலான் ஜீலாங் பக்கம், நகரிலிருந்து 50 கி.மீ.க்கு மேல். டிக்கெட் 30 டாலர் மலிவு என்று எடுத்துவிட்டு, போய்ச்சேர அதைவிட அதிகம் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு, மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோ என்றால் இரண்டு பையும் சேர்த்து 7 கிலோ. ஜெட்ஸ்டாரில் ஏறும் வாசலிலேயே தராசு வைத்து எடை போடுவார்கள். அங்கே கட்டும் தொகை, முன்பே இணையத்தில் பை சேர்ப்பதைவிடப் பல மடங்கு. மூன்று, உள்நாட்டு விமானத்தில் 100 மில்லி திரவக் கட்டுப்பாடு கிடையாது, தண்ணீர் பாட்டிலை வீச வேண்டாம்.

டல்லமரைனுக்கு ரயில் இல்லை. ஸ்கைபஸ் என்ற விமான நிலையப் பேருந்து சதர்ன் கிராஸிலிருந்து நேராகப் போகும், ஆளுக்கு 25 டாலர் அளவில். பை குறைவாக இருந்தால் கிரெய்கிபர்ன் தடத்து ரயிலில் பிராட்மெடோஸ் நிலையம் இறங்கி, 901 எண் பேருந்து பிடியுங்கள். சாதாரண மைக்கி கட்டணத்திலேயே விமான நிலைய வாசலில் விடும்.

மைக்கி என்பது விக்டோரியா மாநில அட்டை. அட்டை விலை 6 டாலர், திரும்பக் கிடைக்காது. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் வாலட்டில் சேர்த்தால் அந்த 6 டாலரும் மிச்சம். ஒரு நாளைக்கு எத்தனை முறை போனாலும் 11 டாலரை ஒட்டி உச்சவரம்பு, அதற்கு மேல் கழியாது. சனி, ஞாயிறு இன்னும் குறைவு. இந்த நாள் வரம்பு மெல்பர்னோடு நிற்பதில்லை. 2023 மார்ச்சிலிருந்து மாநிலம் முழுக்க வி-லைன் என்ற வெளியூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் அதே வரம்புதான். பலாரட், பெண்டிகோ, ஜீலாங் எல்லாம் நகரப் பேருந்துக் காசில் போய்வரலாம். முன்பதிவு தேவைப்படும் தொலைதூர வண்டிகளுக்கு மட்டும் மைக்கி செல்லாது. அதே விலைக்குக் காகித டிக்கெட் வாங்கி, அதில் இருக்கை எண் போட்டுத் தருவார்கள். பயணிகள் இங்கே தவறுவது: மைக்கி காட்டிவிடலாம் என்று கடைசி நிமிடம் ஏறப் போவது.

மூத்தோர் சலுகை அட்டை இங்கே வசிப்பவர்களுக்குத்தான். 61 வயது என்று சலுகை டிக்கெட் எடுத்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். முழுக் கட்டணம் எடுங்கள்.

நகர மையத்தில் டிராம் இலவசப் பகுதி இருக்கிறது. அதற்குள்ளேயே ஏறி இறங்கினால் அட்டையைத் தொடவே கூடாது, தொட்டால் காசு போய்விடும். பகுதியைத் தாண்டிப் போனால் ஏறும்போது தொட வேண்டும். டிராமில் இறங்கும்போது தொடத் தேவையில்லை. ரயிலிலும் பேருந்திலும் தேவை.

---

நெடுஞ்சாலை பதில்:

கார் பக்கத்தை நான் எழுதுகிறேன். தண்டவாளம் சொன்ன திட்டத்தில் கார் தேவைப்படுவது இரண்டே இடம்: கிரேட் ஓஷன் ரோடு, உலுரு.

லைசென்ஸ்: தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் ஆங்கிலம் இருப்பதால் வருகையாளராக உங்களுக்கு அது செல்லும், காலாவதி தேதி மட்டும் பாருங்கள். வாடகை கவுண்டரில் சிக்கல் வருவது பெயரில்தான். லைசென்ஸில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி', கிரெடிட் கார்டில் இன்னொரு விதம் என்றால் சாவி தர யோசிப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்து இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். டெபிட் கார்டை மறுப்பதும் உண்டு. பிணைத்தொகையாக ஒரு தொகையைக் கார்டில் முடக்கி, வண்டியைத் திருப்பிய சில நாள் கழித்து விடுவிப்பார்கள்.

காப்பீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். 'எக்ஸஸ்' என்பது விபத்தானால் உங்கள் கையிலிருந்து போகும் முதல் தொகை. சாதாரண ஒப்பந்தத்தில் அது சில ஆயிரம் டாலர். தினக் கட்டணம் கூடுதலாகக் கட்டினால் குறையும். எத்தனை கட்டினாலும் காப்பீட்டில் வராதவை உண்டு: மண் சாலையில் ஓட்டியது, வண்டியின் கூரையிலும் அடிப்பாகத்திலும் பட்ட சேதம், தண்ணீருக்குள் இறக்கியது, டீசலை மாற்றி ஊற்றியது. உலுரு இருக்கும் வட பிரதேசத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பல ஒப்பந்தங்களில், ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்து விடியும்வரை ஓட்டி விலங்கு மோதினால் முழுச் செலவும் உங்களுடையது என்று எழுதியிருக்கும்.

இருட்டில் ஓட்டாதீர்கள் என்பதற்குக் காரணமும் அந்த விலங்குதான். கங்காரு அந்தியிலும் விடியலிலும் மேய வெளியே வரும். சாலை ஓரத்தில்தான் புல் பசுமையாக இருக்கும், ஏனென்றால் தார்ச் சாலையில் விழும் மழைநீர் ஓரத்துக்கு வடிகிறது. விளக்கு வெளிச்சம் கண்டதும் ஓடி ஒதுங்காது, குறுக்கே குதிக்கும். எதிரே வந்தால் நேர்கோட்டிலேயே பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். பலர் உயிரை விடுவது கங்காரு மோதி இல்லை, அதைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதியோ வண்டி உருண்டோதான். மாலை ஐந்து மணிக்குத் தங்கும் இடத்தில் இருப்பதாகத் திட்டம் போடுங்கள்.

இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம், அது பெரிய வசதி. ஆனால் நம் ஊர்ப் பழக்கம் சில இங்கே ஆபத்து. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து சுற்றி வருபவருக்கே முன்னுரிமை, மூக்கை நுழைத்தால் மோதல்தான். ஹார்ன் அடிப்பது எச்சரிக்கைக்கு மட்டும். வேக வரம்பு 100 என்றால் 100. காமிரா நிறைய, சில கி.மீ. தள்ளி இரண்டு காமிரா வைத்துச் சராசரி வேகம் கணக்கிடும் இடங்களும் உண்டு. போனைக் கையில் பிடித்திருந்தாலே அதற்கென்று தனிக் காமிரா படம் எடுக்கும். பலகை இல்லாத ஊர்ச் சாலையில் 50, பள்ளி வாசலில் பள்ளி நேரத்தில் 40. குடித்து ஓட்டும் வரம்பு 0.05. சீட் பெல்ட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம்.

மெல்பர்ன் நகர மையத்துக்குள் கார் கொண்டு போகவே வேண்டாம். டிராம் தடம் உள்ள சந்திப்புகளில் 'ஹூக் டர்ன்' என்று ஒரு முறை: வலப்பக்கம் திரும்ப, இடது ஓரத் தடத்தில் வந்து, சந்திப்புக்குள் முன்னேறி இடது ஓரமாக நின்று, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். டிராம் நடுத்தடத்தில் தடையில்லாமல் போகத்தான் இந்த ஏற்பாடு. இன்னொன்று, மேடை இல்லாத நிறுத்தத்தில் டிராம் கதவு திறந்திருந்தால் அதன் பின்னாலேயே நிற்க வேண்டும். ஆட்கள் நேராகச் சாலையில்தான் இறங்குவார்கள்.

சுங்கச் சாவடியே கிடையாது, காசு வாங்க ஆளும் இல்லை. காமிரா எண் பலகையைப் படிக்கும். மெல்பர்னில் சிட்டிலிங்க், ஈஸ்ட்லிங்க், சிட்னியில் பாலம், சுரங்கம் என்று நிறைய. மகள் காரில் சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் டேக் இருக்கும், அது அவர் கணக்கில் போகும். வாடகைக் காரில் நிறுவனம் சுங்கத்தோடு நிர்வாகக் கட்டணமும் சேர்த்துப் பின்னால் கார்டில் எடுக்கும். வண்டி எடுக்கும்போதே "டேக் இருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று கேளுங்கள். கூகுள் மேப்பில் சுங்கச் சாலை தவிர்க்கும் அமைப்பைப் போட்டுக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

பெட்ரோல் நீங்களே போட வேண்டும், முதலில் நிரப்பிவிட்டு உள்ளே போய்ப் பம்ப் எண் சொல்லிக் காசு கட்டுவது வழக்கம். வாடகைக் காரின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும். பெரும்பாலும் 91 அன்லெடட். பெருநகரங்களில் விலை ஒரே நாளில் தாவி ஏறி, பிறகு வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். பெட்ரோல்ஸ்பை செயலியில் பக்கத்துப் பங்க் விலைகளைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், லிட்டருக்கு 30, 40 சென்ட் வித்தியாசம்கூட இருக்கும்.

இனி கிரேட் ஓஷன் ரோடு. டார்க்கியில் தொடங்கி அலன்ஸ்ஃபோர்டில் முடியும், 243 கி.மீ. டார்க்கியிலிருந்து மேற்கே போங்கள். அப்போது கடல் உங்கள் இடப்பக்கம், நின்று பார்க்கும் இடங்களும் இடப்பக்கம், எதிர்ச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பினால் 12 மணி நேரம் வண்டியிலேயே கழியும். அப்பல்லோ பேயில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகள், லாக் ஆர்ட் கோர்ஜ் பார்த்துவிட்டு, திரும்பும்போது கடலோரம் வர வேண்டாம். கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலை பிடித்தால் மெல்பர்ன் மூன்று மணி நேரம்தான். பின்னால் வண்டி வரிசை சேர்ந்தால், மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். அந்தச் சாலையில் நடக்கும் மோசமான விபத்துகள் பொறுமை இழந்து முந்துவதால் நடப்பவை.

---

தண்டவாளம் பதில்:

கிரேட் ஓஷன் ரோட்டுக்குக் கார் இல்லாமலும் வழி இருக்கிறது, அதைச் சேர்த்துவிடுகிறேன். சதர்ன் கிராஸிலிருந்து ஜீலாங்குக்கு ஒரு மணி நேர ரயில். அங்கிருந்து லார்ன் வழியாக அப்பல்லோ பேவரை வி-லைன் பேருந்து தினமும் உண்டு. அப்பல்லோ பேயிலிருந்து பாறைகள் வழியாக வார்னம்பூல் போகும் பேருந்து மட்டும் திங்கள், புதன், வெள்ளி. வார்னம்பூலில் இறங்கி ரயில் பிடித்தால் மூன்றரை மணி நேரத்தில் மெல்பர்ன். எல்லாமே ஒரே நாள் வரம்புக் கட்டணத்துக்குள் அடங்கும். இணைப்பு ஒன்று தவறினால் அடுத்தது அன்றைக்குக் கிடையாது, ஆகவே முதல் நாளே கால அட்டவணை பார்த்து, இருக்கைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். சதர்ன் கிராஸ் கவுண்டரில் "அப்பல்லோ பே, வார்னம்பூல் வழியாக வட்டம்" என்று சொன்னால் எல்லாச் சீட்டும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

சிட்னிக்கு அட்டை தேடி அலைய வேண்டாம். ஓப்பல் என்பது அந்த ஊர்ப் போக்குவரத்து அட்டை, அதன் கருவியில் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் வேலை செய்யும், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவைத்த இந்தியக் கார்டும் சரி. ஆளுக்கு ஒரு கார்டு, ஒரே கார்டில் இருவர் போக முடியாது. ஏறும்போது எதைத் தொட்டீர்களோ அதையேதான் இறங்கும்போதும் தொட வேண்டும். ஏறும்போது போன், இறங்கும்போது பிளாஸ்டிக் கார்டு என்றால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் கருவிக்கு அவை இரண்டு பேர். இரண்டிலும் முடியாத பயணம் என்று உச்சக் கட்டணம் கழியும். புதிதாக வருபவர்கள் இழக்கும் காசில் பாதி இப்படித்தான் போகிறது.

சிட்னி விமான நிலைய ரயில் நிலையத்தில் ஆளுக்கு 17 டாலருக்கு மேல் தனி நுழைவுக் கட்டணம் இருக்கிறது, நாள் வரம்புக்குள் அது அடங்காது. 420 எண் பேருந்தில் மாஸ்கட் நிலையம் போய் அங்கே ரயில் ஏறினால் அந்தக் கட்டணம் இல்லை. பெரிய பெட்டிகள் இருந்தால் இருவரும் காரில் போவதோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு சிட்னியின் நாள் வரம்பு மற்ற நாட்களில் பாதிதான். மேன்லி படகு, நீலமலைக்குப் போகும் கட்டூம்பா ரயில் (இரண்டு மணி நேரம்) எல்லாம் அந்த வரம்புக்குள் வரும். தூரப் பயணங்களை அந்த நாட்களில் வையுங்கள். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் பரமட்டா வரை ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து. ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில் நகருக்குத் தெற்கே 45 கி.மீ., அதற்குத் தெரிந்தவர் காரில் போவதே வசதி.

குயின்ஸ்லாந்து போனால் மகிழ்ச்சியான செய்தி. 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே நகரப் போக்குவரத்துக்கு எத்தனை தூரமானாலும் ஒரு பயணம் 50 சென்ட். பிரிஸ்பேன் விமான நிலைய ரயில் மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

---

காவிரிக்கரை கேட்டது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காரில் வட்டம் அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். இரண்டு சந்தேகம். உலுருவுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை விமானத்தில் போனால் போதுமா? அடிலெய்டுக்கு மட்டும் மருமகன் ஒரு வார இறுதியில் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறார், வழியில் சாப்பிட வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாமா?

---

நெடுஞ்சாலை பதில்:

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று பதிவு செய்துவிடாதீர்கள் ஐயா, பலர் விழும் குழி அது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு 450 கி.மீ.க்கு மேல்: தெற்கே எர்ல்டண்டா சந்திப்பு வரை 200, அங்கிருந்து மேற்கே இன்னொரு 245. ஐந்து மணி நேரம் ஆகும். பாறைக்குப் பக்கத்து விமான நிலையத்தின் பெயர் ஏயர்ஸ் ராக், குறியீடு ஏ-ஒய்-க்யூ. மெல்பர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, எல்லா நாளும் இல்லை. ஜன்னல் இருக்கை எடுங்கள்.

தங்குமிடம் எல்லாம் பக்கத்துச் சிற்றூரான யுலாராவில் மட்டும், விலை கூடுதல்தான், வேறு வழியில்லை. விடுதிக்காரர்களின் இலவசப் பேருந்து விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகும். பாறை யுலாராவிலிருந்து 20 கி.மீ., கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகள் 50 கி.மீ. இரண்டு நாள் கார் எடுத்தால் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் உங்கள் விருப்பப்படி போகலாம், இருட்டில் ஓட்டுவது பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் முன்பே பாருங்கள். அங்கே நாளுக்கு இத்தனை கி.மீ. என்று வரம்பு போட்டு வாடகைக்கு விடுவார்கள், அதைப் பாருங்கள். ஓட்ட விருப்பமில்லை என்றால் ஏறி இறங்கும் பேருந்துச் சேவை இருக்கிறது. பூங்கா அனுமதி ஆளுக்கு 38 டாலர், மூன்று நாள் செல்லும், இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

பாறை மீது ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை. அது அங்கத்திய பழங்குடியினரான அனங்கு மக்களின் புனித இடம். சில பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும், அதை மதியுங்கள். சுற்றி நடக்கும் பாதை 10.6 கி.மீ., நிழல் குறைவு. விடியலில் தொடங்கி காலை 11 மணிக்குள் முடிக்க வேண்டும், மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆளுக்கு. முழுவதும் நடக்க முடியாவிட்டால் முட்டிஜுலு நீர்ச்சுனைக்குப் போகும் சிறு பாதை போதும், ஓவியங்களும் அங்கே பார்க்கலாம். ஈத்தொல்லை தாங்காது, முகத்தில் போடும் வலை 10 டாலர் அளவில் கிடைக்கும். மெல்பர்னிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

---

வடலி பதில்:

வணக்கம் ஐயா. சாப்பாட்டுக் கேள்விக்கும் விட்டுப்போன சில விடயங்களுக்கும் நான் எழுதிறன்.

புளிச்சாதம், தயிர்ச்சாதம், இட்லி தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கோ. பழமும் காய்களும்தான் பிரச்சினை. பழ ஈ பரவாமல் இருக்க, விக்டோரியாவிலிருந்து தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் பழங்களையும், தக்காளி, மிளகாய், கத்தரிக்காய் போன்றவற்றையும் கொண்டு போக ஏலாது. மாநில எல்லைக்கு முன் பெருவீதி ஓரத்தில் போடுவதற்குத் தொட்டி வைத்திருப்பினம், அதற்குள் போட்டுவிடவேண்டும். மில்டுராப் பக்கத்தால் போனால் யம்பா சோதனைச் சாவடியில் 24 மணி நேரமும் வண்டியைத் திறந்து பார்ப்பினம். "தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது, அந்த இடத்திலேயே தண்டம். சமைத்த கறிக்குள் இருக்கிற மிளகாய் பிரச்சினை இல்லை, பச்சையாகக் கொண்டு போவதுதான். பெர்த், தாஸ்மேனியா போகிற விமானங்களுக்கும் இதே கதை. அங்கே இறங்கினதும் நாய் மோப்பம் பிடிக்கும்.

நேரம்: அடிலெய்ட் மெல்பேர்ணுக்கு அரை மணித்தியாலம் பின்னுக்கு. ஒக்டோபர் முதல் ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைப்பினம். சிட்னியும் அடிலெய்டும் அப்படியே மாற்றும், ஆனால் குயின்ஸ்லாந்தும் வட பிரதேசமும் மாற்றாது. எனவே ஒக்டோபரில் கெய்ர்ன்ஸ் போனால் அங்கே மெல்பேர்ணை விட ஒரு மணி நேரம் பிந்தி. விமானச் சீட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். கைத்தொலைபேசியில் நேரத்தைத் தானாக மாறும்படி விட்டால் போதும், கையில் கட்டிய மணிக்கூட்டை நம்ப வேண்டாம்.

தொலைபேசி: 2024 ஒக்டோபர் கடைசியோடு இங்கே 3ஜி முழுதாக நின்றுவிட்டது. 4ஜியில் இணையம் வேலை செய்தாலும், அவசர அழைப்பு 000 அந்த வலையமைப்பில் போகாத பழைய கருவிகளை இங்கத்தைய சிம்மில் இணைக்கவே மாட்டினம். ஊரில் வாங்கிய பழைய போன் என்றால் சிம் வாங்க முன்னமே கடையில் காட்டிக் கேளுங்கோ. நகரத்துக்குள் எந்த சிம்மும் சரி. உலுரு, அடிலெய்ட் வீதி போகிறதென்றால் டெல்ஸ்ட்ரா அல்லது பூஸ்ட். டெல்ஸ்ட்ரா வலையமைப்பு என்று சொல்லி விற்கிற வேறு மலிவு சிம்கள் முழுப் பரப்பையும் தராது. போகும் வழிக்குக் கூகுள் மேப்பை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கோ. பெருவீதியிலேயே நெடுந்தூரம் சிக்னல் இல்லாத இடம் இருக்கு.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து இதைத் தள்ளிப்போட வேண்டாம். அம்புலன்ஸ் இங்கே வருகையாளருக்கு இலவசம் இல்லை, ஒருமுறை ஏற்றினாலே ஆயிரம் டொலருக்கு மேல் வரும். பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் அம்புலன்ஸ், ஏற்கெனவே இருக்கிற நீரிழிவு, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்திருக்கோ என்று மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ. மருந்துகளை ஊர் வைத்தியரின் சீட்டோடு, உறை பிரிக்காமல், கைப்பையில் வையுங்கோ. விமானத்தில் பெரிய பெட்டி பிந்தி வந்தாலும் மாத்திரை உங்களோட இருக்கும்.

---

காவிரிக்கரை எழுதியது:

மகள் இப்போதுதான் காப்பீட்டுத் தாளைப் பார்த்தாள், மனைவியின் இரத்த அழுத்தம் அதில் குறிப்பிடப்படவில்லை. நாளை காலை அந்த நிறுவனத்துக்கு அழைத்துச் சேர்க்கச் சொல்கிறோம். அது முடிந்ததும் ஏ-ஒய்-க்யூ டிக்கெட், பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம், செவ்வாய் போய் வெள்ளி திரும்புவதாக. புதன்கிழமை ஒன்றில் வார்னம்பூல் வட்டம்.

---

தண்டவாளம் பதில்:

புதன் வட்டத்துக்கு ஜீலாங் ரயிலைக் காலையில் எவ்வளவு முந்திப் பிடிக்க முடியுமோ பிடியுங்கள். பேருந்தில் இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்.